நன்னூலின் நாற்கூறும் பள்ளி மூடிய ஆண்டும்



கல்வி ஒருவனிடம் எவ்வாறு சென்று சேர்கிறது என்பதற்குத் தமிழில் ஒரு கணக்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், அதன் பொதுப்பாயிரத்தில் அந்தக் கணக்கை வைத்துள்ளார். ஆசிரியர் சொன்னதைப் பிழையின்றி வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது புலமையில் கால் பங்கே. உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் இன்னொரு கால் பங்கு கூடும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். இதுவே முனிவர் காட்டும் நாற்கூற்றுக் கணக்கு. புலவர் வகுப்புகளில் மனப்பாடப் பகுதியாக இருந்து, தேர்வோடு மறக்கப்பட்ட இச்செய்தி, 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் மெய்ப்பிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டபோது எந்தப் பங்கு எஞ்சியது, எந்தப் பங்குகள் பறிபோயின, அவற்றை யார் மீட்டனர் என்பதை இக்கணக்கைக் கொண்டே அளந்து பார்ப்பது இவ்வுரையின் நோக்கமாகும்.

பூட்டிய கதவுகள்

2020 மார்ச்சுத் திங்களின் நடுவில், கொரோனாப் பெருந்தொற்றின் அச்சத்தால் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. முதலில் அது சில நாள் விடுமுறை என்றே கருதப்பட்டது. குழந்தைகள் மகிழ்ந்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மார்ச் 27இல் தொடங்கியிருக்க வேண்டிய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தள்ளிப்போடப்பட்டது. சூன் முதல் நாள் என்றனர். பின்னர் சூன் 15 என்றனர். இறுதியில் சூன் 9ஆம் நாள் தேர்வே கைவிடப்பட்டது. ஒன்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடும், வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் எடுத்து மதிப்பெண் வகுக்கப்பட்டது.

இங்கே சொல்லாய்வுக்குரிய ஒரு செய்தி உண்டு. தேர்வு, தேர்ச்சி ஆகிய இரண்டும் ‘தேர்’ என்னும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள். ஆராய்ந்து தெளிதல் என்பது அவ்வேரின் பொருள். தேர்வு நிகழாத ஆண்டில் தேர்ச்சி மட்டும் வழங்கப்பட்டபோது, அச்சொல் தன் வேரிலிருந்து கழன்று நின்றது. ஒரு பையன் ஊருக்குள் நடந்து போனால், “என்னடா, பாசா?” என்று கேட்ட பெரியவர்களே பின்பு சிரித்துவிட்டு அடங்கினர். மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சிய பிள்ளைக்கு அது விடுதலை. ஓராண்டு முழுதும் உழைத்துப் படித்து, மார்ச் மாதத் தேர்வையே நம்பியிருந்த பிள்ளைக்கோ அது கைக்கெட்டியது வாய்க்கெட்டாத நிலை. அந்தப் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையில் வாங்கியவர்கள் பலரிடம், தாம் உண்மையில் எவ்வளவு கற்றோம் என்ற வினா விடையில்லாமலே தங்கிவிட்டது.

‘ஊரடங்கு’ என்னும் சொல்லும் அவ்வாண்டில் பொருள் மாறியது. முன்பு கலகம் மூண்ட இடத்தில் காவல்துறை இடும் கட்டளையைக் குறித்த சொல், இப்போது நான்கு வயதுக் குழந்தையின் வாயிலும் புழங்கியது. முகக்கவசம், சமூக இடைவெளி, இணையவழி வகுப்பு எனப் புதிய தொடர்கள் வந்து குவிந்தன. அதே காலத்தில் பழைய சொற்கள் சில குழந்தைகளின் நாவிலிருந்து நழுவின. இடைவேளை, மணியடித்தல், வரிசை, பக்கத்து பெஞ்சு, உள்ளேன் ஐயா! இவை சொல்லாமலே போன மாதங்கள் பல.

முதற் கால் பங்கு

ஆசிரியர் தரும் கால் பங்கைக் காப்பதற்கு அரசும் ஆசிரியரும் செய்த முயற்சிகள் சிறியன அல்ல. 2019 ஆகத்தில் தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி, 2020 சூலை முதல் வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் விலையில்லா மடிக்கணினிகளில் காணொளிப் பாடங்கள் ஏற்றித் தரப்பட்டன. தனியார் பள்ளிகள் செல்பேசி வழியே நேரலை வகுப்புகளை நடத்தின. கரும்பலகையன்றி வேறெதையும் அறியாத ஆசிரியர் பலர், ஐம்பது வயதுக்கு மேல் ஒளிப்படக் கருவியின் முன் நின்று பேசப் பழகினர்.

பதிவு செய்யப்பட்ட பாடத்திற்கு ஒரு சிறப்பு உண்டு. ஒருமுறை கேட்டதை இருமுறை கேட்டால் பிழை குறையும், மும்முறை கேட்டால் முறையறிந்து சொல்லும் திறன் வரும் என்பதும் நன்னூலாரின் கருத்தே. வகுப்பறையில் மறுமுறை கேட்க அஞ்சும் மாணவன், காணொளியைப் பத்து முறையும் ஓட்டிக் கேட்கலாம். வசதியும் துணையும் இருந்த வீடுகளில் அது பயன்பட்டது.

ஆனால் வீடுதோறும் அந்த வாய்ப்பு இருந்ததா? பல வீடுகளில் இருந்தது ஒரே செல்பேசி. அதுவும் காலையில் தந்தையின் சட்டைப் பையில் வேலைக்குப் போய், இரவில்தான் திரும்பியது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் பொதுத்தேர்வு எழுதவேண்டிய மூத்த பிள்ளைக்கே அது வாய்த்தது. மகனும் மகளும் ஒரே நேரத்தில் வகுப்புக் கேட்க வேண்டுமென்றால் கருவி யார் கைக்குப் போகும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மலையூர்களில் அலைவரிசை கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் புத்தகத்தோடு ஏறினர். தொலைக்காட்சியோ பேசும், கேட்காது. ஐயம் எழுந்த முகத்தைப் பார்த்து ஆசிரியர் சற்று நிறுத்துவாரே, அந்த நிறுத்தம் அதில் இல்லை. கொடுப்போன் கொடுக்கிறான், கொள்வோன் கொண்டானா என்பதை அறிய வழியில்லை. ஆகவே முதற் கால் பங்கே ஒரு சாரார்க்கு முழுமையாகவும், ஒரு சாரார்க்கு அரைகுறையாகவும், இன்னொரு சாரார்க்கு இல்லையாகவும் போயிற்று.

இரண்டாம் கால் பங்கு

உடன் பயில்வோர் தரும் கால் பங்கு அடியோடு போயிற்று. அதன் அருமை அது இல்லாதபோதுதான் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் புரிந்தது. பக்கத்தில் இருப்பவனின் ஏட்டைப் பார்த்துத் தன் எழுத்தைத் திருத்திக்கொள்ளுதல், புரியாத கணக்கை விளையாட்டு நேரத்தில் தோழியிடம் கேட்டுக்கொள்ளுதல், வேறு தெருவில், வேறு சாதியில், வேறு சமயத்தில் பிறந்த பிள்ளையோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து சோற்றைப் பகிர்ந்து உண்ணுதல் ஆகிய இவையெல்லாம் பாடத்திட்டத்தில் அச்சிடப்படாத பாடங்கள். ஊரடங்கில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தெருவுக்குள், தன் உறவுக்குள் திரும்பிப் போனது. பள்ளிக்கூடம் என்னும் பொது இடம் மூடப்பட்டபோது, ஊரில் அத்தகைய பொது இடம் வேறு எத்தனை உள்ளன என்று எண்ணிப் பார்த்தவர்கள் திகைத்தனர்.

சோறும் அதில் அடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் விரிவாக்கப்பட்டு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக வளர்ந்த நண்பகல் உணவு, தமிழ்நாட்டுப் பள்ளியின் இதயம் போன்றது. பள்ளி மூடிய காலத்தில் அரிசியும் பருப்பும் உலர்பொருளாக வீட்டுக்கு வழங்கப்பட்டன. அது தேவையான உதவியே. ஆயினும் பள்ளியில் வேகும் சோறு அந்தப் பிள்ளைக்கென்றே வேகும் சோறு. வீட்டுக்கு வந்த அரிசியோ வேலையிழந்த குடும்பம் முழுவதற்கும் ஒரு நாளைக்கு உலையேறிய அரிசி. இவ்வேறுபாட்டை எந்தக் கணக்கேடும் காட்டாது, வயிறு காட்டும்.

இக்காலத்தில் பள்ளிக்கு வராத சிறுவர் சிலர் பட்டறைக்கும் கடைக்கும் கூலிக்குச் சென்றனர் என்பதையும், பெண்குழந்தைகள் சிலர்க்கு உரிய வயது வருமுன்னரே மணம் நிகழ்ந்தது என்பதையும் நாளிதழ்கள் தொடர்ந்து எழுதின. பள்ளிக்குப் போகும் பெண் என்னும் பெயரே ஒரு சிறுமிக்கு வேலியாக இருந்தது. வேலி விழுந்ததும் அவளது எதிர்காலத்தைப் பிறர் முடிவு செய்தனர்.

ஆசிரியர் நிலை

புறநானூற்றின் 183ஆம் பாடலில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் கல்வியின் சிறப்பைப் பேசத் தொடங்கும்போது, ஆசிரியர்க்குத் துன்பம் வந்தவிடத்து உதவவேண்டும் என்பதையே முதலில் வைக்கிறான். மிகுந்த பொருள் தருவதை அதற்குப் பின்னரே வைக்கிறான். அரசன் ஒருவன் இவ்வாறு முறைப்படுத்தியது எண்ணத்தக்கது. 2020இல் அந்தத் துன்பம் ஆசிரியர்க்கே வந்தது. கட்டணம் வாராத சிறு தனியார் பள்ளிகள் ஊதியத்தைக் குறைத்தன, சில நிறுத்தின. முதுகலைப் பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்றவர் காய்கறி விற்றனர். வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்றனர். நூறுநாள் வேலைக்குப் பெயர் கொடுத்தனர். உழைப்பு எதுவும் இழிவன்று. ஆனால் ஓராண்டில் ஒரு சமூகம் தன் ஆசிரியரை இந்நிலையில் விட்டது என்பது அச்சமூகத்தின் வரலாற்றில் எழுதப்படவேண்டிய செய்தி. செழியன் கூறிய முறைமையை மேடைகளில் விளக்கியவர்கள் பலர். வாசலில் காய்கறிக் கூடையோடு நின்ற ஆசிரியரிடம் பேரம் பேசாமல் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு.

அரசுப் பள்ளி ஆசிரியர்க்கு ஊதியம் வந்தது, வகுப்பு இல்லை. “வீட்டில் இருந்தபடியே சம்பளம்” என்ற பேச்சு அவர்கள் காதில் விழுந்தது. அந்தப் பேச்சுக்கு விடையாக அன்று, தம் பிள்ளைகளை நினைத்து, பலர் ஊருக்குள் நடந்தனர். மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் ஊர்ச் சாவடியிலும் ஐந்தாறு பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி அமரவைத்துப் பாடம் சொன்னார்கள். சிலர் தம் பணத்தில் பயிற்சித் தாள்களை அச்சிட்டு வீடுவீடாகக் கொடுத்து, அடுத்த வாரம் திருத்தி வாங்கினர். அந்நடைக்கு ஆணையும் இல்லை, படியும் இல்லை. தொற்று அஞ்சத்தக்கதாக இருந்த காலம் அது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

பள்ளி என்னும் சொல் பழைய வழக்கில் துறவியர் உறைவிடத்தைக் குறித்தது. சமணரும் பௌத்தரும் தங்கிய இடத்தில் கல்வியும் நடந்ததால், காலப்போக்கில் கல்வி நடக்கும் இடமே பள்ளி ஆயிற்று. ஆள் இருந்ததால் இடத்திற்குப் பெயர் வந்ததேயன்றி, இடத்தால் ஆளுக்கு வரவில்லை. மரத்தடியில் ஆசிரியர் அமர்ந்தபோது அந்த மரத்தடி பள்ளி ஆனது இவ்வழியில்தான்.

திறந்ததும் மூடியதும்

2021 சனவரி 19ஆம் நாள் 10, 12ஆம் வகுப்புகளுக்கும், பிப்ரவரி 8ஆம் நாள் 9, 11ஆம் வகுப்புகளுக்கும் பள்ளிகள் திறக்கப்பட்டன. மகிழ்ச்சி நெடிதாக இல்லை. மார்ச் 22 முதல் 9, 10, 11ஆம் வகுப்புகள் மீண்டும் நிறுத்தப்பட்டன. இரண்டாம் அலை வந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வும் சூன் 5ஆம் நாள் கைவிடப்பட்டது. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பின் உள்மதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என மதிப்பெண் பகுக்கப்பட்டது. செப்டம்பர் முதல் நாள் 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகள் திரும்பின. ஒன்று முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகள் வாசலைக் கண்டது நவம்பர் முதல் நாளில்தான். ஏறத்தாழ இருபது மாதங்கள்!

அன்று பல ஊர்களில் வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டி, பூவும் இனிப்பும் கொடுத்து ஆசிரியர்கள் பிள்ளைகளை வரவேற்றனர். அக்காட்சியை மகிழ்ச்சியோடு படமெடுத்தவர் பலர். உள்ளே நடந்தது வேறு. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தை, வகுப்பறையையே காணாமல் இரண்டாம் வகுப்பு மாணவன் ஆகி வந்து உட்கார்ந்திருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை உயிரெழுத்துக்களில் தடுமாறியது. நாற்பது நிமிடம் ஓரிடத்தில் உட்காரும் பழக்கம் பலர்க்கு இல்லை. பேச அழைத்தால் எழுந்து நிற்பதற்கே கூச்சம். நூல்கள் வகுப்புக்கேற்ப உயர்ந்திருந்தன, பிள்ளைகள் உயரவில்லை. ஒரே வகுப்பில் மூன்று வகுப்புப் பிள்ளைகள் இருப்பது போன்ற நிலை. அதே வேளையில், கட்டணம் செலுத்த இயலாத பெற்றோர் தனியார் பள்ளிகளிலிருந்து தம் பிள்ளைகளைப் பெருமளவில் அரசுப் பள்ளிகளுக்கு மாற்றியிருந்தனர். பெஞ்சுகள் நிறைந்தன. தமிழ்வழியில் முதன்முறையாகப் பாடம் கேட்கும் பிள்ளைகளும் அவர்களில் இருந்தனர். பழைய பிள்ளை, புதிய பிள்ளை, பின்தங்கிய பிள்ளை என்னும் மூவர்க்கும் ஒரே ஆசிரியர்.

எஞ்சிய அரைப் பங்கு

இனி எடுத்துரைத்தலால் வரும் அரைப் பங்கு. இதுவே பெரிய பங்கு. இதுவே பெரிய இழப்பு. செல்பேசியின் முன் அமர்ந்த பிள்ளைக்குக் காது உண்டு, வாய் இல்லை. ஒலிவாங்கியை அணைத்து வைக்கவேண்டும் என்பதே இணையவழி வகுப்பின் முதல் ஒழுங்கு. கூடிப் படித்தல், ஒப்பித்தல், வாய்ப்பாடு சொல்லுதல், சிறிய பிள்ளைக்குப் பெரிய பிள்ளை சொல்லிக்கொடுத்தல் ஆகியவை நின்றன.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகள் இந்த அரைப் பங்கை நன்கு அறிந்திருந்தன. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்வான். மணலில் விரலால் எழுதிக்காட்டுவான். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லப் பள்ளியை நடத்திய ஆண்டுரு பெல் என்னும் ஸ்காத்லாந்துக்காரர், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் ஒத்துழையாதபோது பெரிய மாணவரைக் கொண்டே சிறிய மாணவர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழி அம்முறை ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. திண்ணைப் பள்ளியில் பிரம்படியும் இருந்தது. அதன் படிகளில் எல்லாச் சாதியாரும் ஏற இயலவில்லை. ஆகையால் அது மீண்டும் வரவேண்டும் என்று எவரும் ஏங்கத் தேவையில்லை. சொல்லிக்கொடுப்பவனே நன்கு கற்கிறான் என்னும் அதன் உள்ளீடு மட்டும் மறுக்கமுடியாதது.

அத்திண்ணைக்கு எல்லார்க்கும் திறந்த வடிவம் ஒன்று 2021 அக்டோபர் 27ஆம் நாள் வந்தது. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை, ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர். நடுநிலை வகுப்புகளுக்குப் பட்டம் பெற்றவர். மாதம் 1,000 உரூபாய் ஊக்கத்தொகை. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் முன்வந்தனர். மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

இத்திட்டத்திற்கு எதிர்ப்பும் இருந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியரின் இடத்தில் தன்னார்வலரை அமர்த்துவது பிற்காலத்தில் ஆசிரியர் பணியிடங்களைக் குறைக்க வழிவகுக்கும் என்று சிலர் அஞ்சினர். மாநிலம் ஏற்காத புதிய கல்விக் கொள்கை பின்வாசல் வழியாக வருகிறதோ என்று வேறு சிலர் ஐயுற்றனர். இவை புறந்தள்ளத்தக்க ஐயங்கள் அல்ல. மாதம் 1,000 உரூபாய் என்பது நாளொன்றுக்கு இரண்டு மணிநேர உழைப்புக்கு ஈடாகுமா என்ற வினாவும் நியாயமானதே. பெண்ணின் உழைப்பைச் சேவை என்று பெயரிட்டுக் குறைந்த விலைக்கு வாங்குவது இந்நாட்டில் புதிதன்று.

ஆயினும் அத்திண்ணைகளில் நடந்ததையும் பார்க்கவேண்டும். பட்டம் பெற்றும் திருமணத்திற்குப் பின் வீட்டோடு இருந்த பெண், தன் தெருப் பிள்ளைகளால் ‘டீச்சர்’ என்றும் ‘அக்கா’ என்றும் அழைக்கப்பட்டாள். கூலி வேலைக்குப் போன தாய்மார் தம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுக் கவலையின்றி அடுப்பு மூட்டினர். கதை சொன்னார்கள், பாடினார்கள், நடித்தார்கள், பிள்ளைகளைச் சொல்லவைத்தார்கள். வாய் திறந்தது. நன்னூலார் கூறிய அரைப் பங்கு பிள்ளைக்கும் கிட்டியது. பல ஆண்டுகளாகப் பெட்டியில் மடித்து வைத்த பட்டத்தை எடுத்துரைத்த அந்தப் பெண்ணுக்கும் கிட்டியது.

அளவையும் அதன் பொருளும்

இவ்விழப்பையும் மீட்பையும் அளந்த ஆய்வு ஒன்று உண்டு. அபிசீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் அறிஞர் மூவர், தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்து, 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த குழந்தைகளோடு ஒப்பிட்டனர். 2021 டிசம்பரில் காணப்பட்ட பின்னடைவு, புள்ளியியலார் திட்ட விலக்கம் என்று கூறும் அளவில், கணக்கில் ஏறத்தாழ 0.7, தமிழில் ஏறத்தாழ 0.34. பள்ளி திறந்தபின் ஆறு மாதங்களில் இப்பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அந்த மீட்பில் ஏறத்தாழ 24 விழுக்காடு மாலைநேர மையங்களால் விளைந்தது என அவர்கள் மதிப்பிட்டனர்.

இந்த எண்கள் பாவலர் அவைக்கு எதற்கு என்று எவரேனும் வினவலாம். தமிழின் நிலை அவற்றுள் அடங்கியிருப்பதால்தான். கணக்கில் ஏற்பட்ட இழப்பில் பாதியளவே தமிழில் ஏற்பட்டது ஏன்? கணக்குக்குப் பள்ளியை விட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேறு வீடு இல்லை. தமிழுக்கு வீடு இருந்தது, தெரு இருந்தது, பாட்டியின் வாய் இருந்தது, ஊரடங்கில் கதவடைத்த வீட்டுக்குள்ளும் பேச்சு அடங்கவில்லை. பிள்ளையின் மொழியை அந்தப் பேச்சே தாங்கிப் பிடித்தது எனக் கருத இடமுண்டு. தாய்மொழி வழியே கல்வி வேண்டும் என்போர்க்கு இது வலிமை தரும் சான்றாகும்.

எனினும் 0.34 என்பதும் சிறிய வீழ்ச்சியன்று. பேச்சுத் தமிழ் பிள்ளையிடம் வளர்ந்தது; எழுத்துத் தமிழ் தளர்ந்தது. வீட்டில் ‘போறேன்’ என்று பேசும் பிள்ளை, நூலில் ‘போகிறேன்’ என்று படிக்கக் கற்பது பள்ளியில். இவ்விரு தமிழுக்கும் இடையே உள்ள பாலமே தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர். நூல் இல்லாத வீட்டில், படித்துக் காட்ட ஆளில்லாத வீட்டில், அந்தப் பாலம் இருபது மாதங்கள் அறுந்து கிடந்தது. எழுத்துத் தமிழ் படித்தவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே உரியதாகிவிடும் என்றால், இலக்கியம் யாருக்காக எழுதப்படுகிறது என்ற வினா எழும். இவ்வினா அரசுக்கு மட்டும் உரியதன்று. எழுதுகின்ற ஒவ்வொருவர்க்கும் உரியது.

பின்வந்தவை

ஆறு மாத மீட்பில் ஒரு பங்கு மீதமிருந்தது. 2022 சூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கென ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் அண்ணா பிறந்தநாளில் மதுரையில் காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளோடு தொடங்கி, 2023 ஆகத்து 25இல் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுதும் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. பசியோடு வந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது அனைவரும் அறிந்த உண்மை; பள்ளி மூடிய ஆண்டில் அவ்வுண்மை மறுக்க முடியாதவாறு எதிரே வந்து நின்றது. திட்டங்கள் வரும், சுருங்கும், பெயர் மாறும். அந்த ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளோ வளர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மேல்வகுப்பில் ஒரு பத்தியைப் படிக்கத் தயங்கும்போது, அதைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளும் ஆசிரியர், அந்தத் தயக்கத்தின் ஆண்டு எது என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பாவலர்க்கு ஒரு வேண்டுகோள்

பெருந்தொற்றைப் பற்றிக் கவிதைகள் ஏராளமாக வந்தன. வெறிச்சோடிய நெடுஞ்சாலையும், நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளரும், மருத்துவமனை வாயில்களும் பாடுபொருள் ஆயின. அவை பாடப்படவேண்டியவையே. பூட்டிய பள்ளியும், அதன் வாசலில் ஒருநாள் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிய பிள்ளையும் அவ்வளவாகப் பாடப்படவில்லை. மரத்தடியில் பாடம் சொன்ன ஆசிரியரும் காய்கறி விற்ற ஆசிரியரும் தமிழ்க் கவிதைக்குள் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. வந்து சேரவேண்டும்.

அதனினும் தேவையானது, குழந்தைகள் வாய்விட்டுச் சொல்லத்தக்க பாடல்கள். கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் அத்துறையில் உழைத்தனர். அவர்க்குப் பின் குழந்தைப் பாடல் எழுதுவது கவியரங்கப் புகழுக்கு உதவாத வேலை என ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே அறுந்த பாலத்தைக் கட்ட, எதுகை மோனையோடு நாவில் உருளும் நான்கு அடிகளைப் போல எளிய பலகை வேறில்லை. அறிவுரை சொல்லும் பாடல் வேண்டா. பிள்ளை தானே இன்னொரு பிள்ளைக்குச் சொல்ல விரும்பும் பாடல் வேண்டும்.

மூன்றாவது வேண்டுகோள் நடைமுறை சார்ந்தது. இலக்கிய வட்டங்கள் மாதந்தோறும் கூடுகின்றன. பெரியவர்கள் பேசப் பெரியவர்கள் கேட்கின்றனர். அந்தக் கூட்டத்தில் கால்மணி நேரத்தை அருகிலுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளை ஒருவர்க்கு ஒதுக்குதல் கடினமன்று. அவர் படித்த ஒரு கதையை, ஒரு பாட்டை, தம் சொற்களில் எடுத்துரைக்கட்டும். தடுமாறினால் அவை பொறுத்திருக்கட்டும். பரிசும் சான்றிதழும் பின்னர் வரட்டும். முதலில் கேட்கும் செவிகள் வேண்டும். இழந்த அரைப் பங்கைப் பிள்ளைக்குத் திருப்பித் தரும் வழிகளுள், செலவில்லாததும் இவ்வட்டத்தின் கைக்கு எட்டக்கூடியதும் இதுவே.

பத்தாண்டுக் காலம் கேட்டுப் பழகிய அவை இது. அடுத்த கூட்டத்திலேயே இதனைத் தொடங்கலாம் என்று கூறி, இவ்வுரை நிறைவு பெறுகிறது.